மூணு சொல்வதற்குள்

நாத்தனார் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாகப் போன் செய்ததும், இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றி சோபாவுக்கு அடியில் தள்ளினேன். கால் கட்டைவிரலால்தான். குனிய முடிகிற இடுப்பாக இருந்தால் பெல்ட் எதற்கு? வெந்நீர்ப் பையைத் தலையணைக்குப் பின்னால் செருகினேன். மாத்திரை அட்டைகளை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். ஒரு மணி நேரம், ஒன்றும் ஆகாதவள் மாதிரி நின்று நடந்து காட்டிவிட்டால் போதும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடமே இருப்பார்கள்.

நாத்தனார் ஒன்றும் பிள்ளை பிடிக்கிறவர் இல்லை. என் கணவரின் அக்கா. வேறு ஊரில் சலவைக் கடை நடத்துகிறார். நல்ல மனுஷி. அதுதான் எனக்குத் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டே விரட்டியிருப்பேன், நல்லவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? எனக்கு அடிபட்டதிலிருந்து ஒரே பேச்சு: பிள்ளைகளை மூன்று மாதம் என்னிடம் விடு, நீ நன்றாகப் படுத்து உடம்பைத் தேற்று, பிறகு கூட்டிக்கொள். கணவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர், ஒரு நாள் கிளம்பிப் போனால் மறுநாள்தான் வீடு. அக்கா பேசும்போது அக்கா சொல்வது சரி என்பார், நான் பேசும்போது நான் சொல்வது சரி என்பார். கடைசியில், அக்காவே நேரில் வந்து பார்க்கட்டும், நீ சமாளிக்கிறாய் என்று அவளுக்குத் தோன்றினால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்றார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல என்னைப் பார்க்க ஆள் வருகிறதா என்று கத்தினேன். கத்தியதில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மூன்று மாதம் என்பது அவர்களுக்குச் சின்னக் கணக்கு. நான் வேலை பார்க்கிற வார்டில் ஒரு பெண் கால் எலும்பு நொறுங்கி வெகுநாள் கிடந்தாள். அவள் பிள்ளையை யாரோ சொந்தக்காரர்கள் வளர்த்தார்கள். வீட்டுக்குப் போகிற நாளில் பிள்ளையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அது அம்மாவைப் பார்த்துவிட்டு, கூட்டிவந்தவளின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அந்தப் பெண் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். என் சின்னவளுக்கு ஒன்றே முக்கால் வயது. அந்த வயதில் பிள்ளைகளின் ஞாபகம் எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரைக் கேட்பது?

ஆமாம், எனக்கு ஆஸ்பத்திரி வேலை. டாக்டரம்மாவும் இல்லை, நர்ஸும் இல்லை. எழுந்து நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து நாற்காலிக்கும் மாற்றுகிற வேலை. ஊரார் உடம்பையெல்லாம் வருஷக்கணக்காகத் தூக்கியிருக்கிறேன். இந்த வேலைக்கு எண்ணிக்கைதான் எல்லாம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நிற்கவேண்டும், ஒருத்தி எண்ணவேண்டும், மூணு என்றதும் இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கவேண்டும். அன்றைக்கு என்னோடு நின்றவள் வேலைக்குப் புதுசு. மூணு சொன்ன பிறகு பிடியை விட்டுவிட்டாள். மொத்தப் பாரமும் என் பக்கம் சாய்ந்தது. நோயாளிக்கு ஒரு கீறல் இல்லை. என் முதுகுக்குள் எதுவோ நழுவியது மட்டும் எனக்குத் தெரிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மேற்பார்வையாளர் ஆறுதல் சொன்னார். சறுக்கியது யானை இல்லை சார், யானையைத் தூக்கியவள் என்றேன்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். தண்ணீர் நிரப்பிய கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்காதே என்றார். வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தூக்காதே என்றார். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் பெரியவளுக்கு ஐந்து வயது. யார் எந்தத் தட்டில் சாப்பிடவேண்டும், யார் எங்கே உட்காரவேண்டும் என்பதுவரை அவளே முடிவு செய்வதால் அவளை மேனேஜர் என்போம். சின்னவள் உருண்டையாக எங்கே பார்த்தாலும் உருண்டுகொண்டிருப்பாள், அவள் பட்டாணி. மேனேஜரைத் தூக்கவேண்டியதில்லை. பட்டாணியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கவேண்டும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

வார்டில் நாங்கள் நோயாளியை முழுக்கத் தூக்கமாட்டோம். பாதிப் பாரத்தை அவரையே தாங்க வைப்போம். அதையே வீட்டிலும் செய்தேன். ஸ்டூல், அதற்கு அடுத்து நாற்காலி, அதற்கு அடுத்து சாப்பாட்டு மேசை என்று படி மாதிரி போட்டேன். பட்டாணி தானே ஏறி என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடுவாள். துணி மாற்றுவது, தலை வாருவது, சோறூட்டுவது எல்லாம் மேசைமேல். இறங்குவதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். அவள் மேசை ஓரத்தில் நிற்பாள். நான் முழங்காலை மடக்கி, அவளோடு ஒட்டி நின்று எண்ணுவேன். மூணு என்றதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுவாள், அப்படியே என் தொடை வழியாகச் சறுக்கித் தரைக்குப் போய்விடுவாள். நான் தூக்குவதே இல்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் இதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். கணவர், நல்லவேளை உன் மூளை முதுகில் இல்லை என்றார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் பட்டாணி எதில் வேண்டுமானாலும் ஏறுகிறவளாகிவிட்டாள். எதிலிருந்தும் இறங்கத் தெரியாது. ஏறி நின்றுகொண்டு, யாராவது எண்ணுவதற்காகக் காத்திருப்பாள். மூணு யார் சொன்னாலும் அவளுக்குச் சரி. ஒரு நாள் கணவர் துவைத்த சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சோபாக் கைப்பிடியிலிருந்து அவர் முதுகில் பாய்ந்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அப்போது தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த நான், இத்தனை நாள் எழுந்த மாதிரி மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி எழாமல், காட்டவேண்டிய ஆள் வந்துவிட்டாரே என்ற பதற்றத்தில் வெடுக்கென்று எழுந்தேன். இடுப்பில் பெல்ட்டும் இல்லை. பாதி எழுந்த இடத்திலேயே முதுகு பூட்டிக்கொண்டது. கால்கள் இரண்டும் சொல்பேச்சுக் கேட்காமல் விலகிப் போயின. சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில், தரையில், ஒருக்களித்து விழுந்து கிடந்தேன்.

மணி மறுபடியும் அடித்தது. வெளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அண்ணி, விழுந்துட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாம் முடிந்தது. இன்றைக்கே இரண்டு பிள்ளைகளுக்கும் பை கட்டவேண்டியதுதான். இப்படிப் பிடித்துக்கொள்வது புதிதில்லை. அசையாமல் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், பிறகு உருண்டு, மண்டி போட்டு, சோபாவைப் பிடித்து எழுந்துவிடலாம். அதற்கு நேரம்தான் வேண்டும்.

"குளிச்சிட்டிருக்கேன் அண்ணி, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

மேனேஜர் என் தலைமாட்டில் வந்து நின்று பார்த்தாள். தரையில் கிடக்கிற அம்மா குளிக்கிறாளாம். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். ரகசியம் என்றால் அவளுக்கு உயிர். அவளும் விரலை வைத்துக்கொண்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. நாத்தனார் இரண்டு மாடி ஏறி, இரண்டு கையிலும் பையோடு நின்றிருந்தார். அம்மா குளித்தால் என்ன, நீ வந்து கதவைத் திற கண்ணு என்று மேனேஜரைக் கூப்பிட்டார். அவர்மேல் என்ன தப்பு? வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதானே நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் கதவில் தாழ்ப்பாள் உச்சியில் இருக்கிறது. ஒரு தடவை மேனேஜர் கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்து பட்டாணியைத் தெருவுக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டதால் மேலே மாற்றிப் போட்டோம். கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி, என் தோள் உயரம். வேண்டாம், சும்மா இரு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அத்தைதான் திறக்கச் சொல்றாங்க என்று சொல்லிவிட்டு மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போனாள். நாற்காலிமேல் ஏறி, அதன் முதுகுக் கட்டைகளில் கால் வைத்து அலமாரிமேல் போய் மண்டியிட்டாள். தாழ்ப்பாள் எப்போதும் இறுகிக்கொள்ளும். நாங்கள் கரண்டிக் காம்பால் தட்டித்தான் திறப்போம். அது அவளுக்கும் தெரியும். இறங்கி, கரண்டி எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள்.

அந்த இடைவெளியில் பட்டாணி கிளம்பினாள்.

நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நாற்காலியில் ஒரு கால், முதுகுக் கட்டையில் ஒரு கால். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு கையை விட்டு மறு கையால் பிடித்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஏறினாள். அலமாரிமேல் வயிற்றை இழுத்துப் போட்டபோது அவள் கால் உதைத்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. என்ன சத்தம் என்று நாத்தனார் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். பதற்றத்தில் உடம்பு அசைந்துவிட்டது, முதுகு மறுபடி இறுக்கிப் பிடித்தது. குரல் வரவில்லை, மூச்சே பாதிதான் வந்தது.

பட்டாணி எழுந்து நின்றாள். அலமாரியின் ஓரத்தில், கால் விரல்கள் வெளியே தெரிய, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கீழே வழவழவென்று டைல்ஸ் தரை, கவிழ்ந்து கிடக்கிற நாற்காலியின் நான்கு கால்கள். அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. அது என் வேலை. நான்தான் அவளிடமிருந்து பயத்தை எடுத்திருந்தேன்.

மேனேஜர் கரண்டியோடு வந்தாள். நிலவரத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள், நாற்காலியைத் தள்ளி வைத்தாள், அலமாரிக்கு நேர்கீழே போய் நின்றுகொண்டு என்னைப் போலவே முழங்காலை மடக்கிக் கையை நீட்டினாள். ஐந்து வயது, குச்சி மாதிரி கை.

"நீ எந்திரிக்காதம்மா, நான் இறக்கிடுறேன்."

"எண்ணாதே" என்றேன். காற்றாகத்தான் வந்தது.

"எனக்கு மூணு வரைக்கும் நல்லா எண்ணத் தெரியும்மா."

வெளியே மணி விடாமல் அடித்தது. நாத்தனார் கதவைத் தட்டி, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதட்டினால் பட்டாணி திடுக்கிட்டு விழுவாள். அதட்டவும் எனக்குத் தெம்பில்லை. மேனேஜர் மூணு சொன்னால் பட்டாணி பாய்வாள். அந்தப் பாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் அடிபடுவார்கள், யாருடைய தலை முதலில் படும் என்பதுதான் தெரியாது. நான் முழங்கையை ஊன்றி இழுத்தேன்.

"ஒண்ணு" என்றாள் மேனேஜர்.

வலியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எத்தனை பேர் அலறுவதைக் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் இடுப்பிலிருந்து குதிகால்வரை நெருப்பு வைத்தது போல ஓடியது. கால்கள் பின்னால் வெறும் மூட்டை மாதிரி வந்தன. மேனேஜர் ஒண்ணு சொன்னதும் அடுத்ததற்குப் போகவில்லை. குனிந்து தன் கால் சரியாக அகன்றிருக்கிறதா என்று பார்த்து, ஒரு பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அந்தப் பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அந்த ஒழுங்குதான் எனக்கு நேரம் கொடுத்தது.

"ரெண்டு."

பட்டாணி குதிகாலை உயர்த்தினாள். சிரித்தாள். என் கை மேனேஜரின் கணுக்காலுக்கு எட்டியது. பிடித்து ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் இழுத்தேன். அவள் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்த இடத்துக்கு நான் உருண்டு, மல்லாந்தேன். மல்லாந்தபோது என் முதுகுக்குள் என்ன ஆனது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள், அழுகையோடு அழுகையாக, எடுத்த வேலையை முடித்தே தீருவது என்று மேனேஜர் "மூணு" என்று சொன்னது கேட்டது.

பட்டாணி என் வயிற்றின்மேல் வந்து விழுந்தாள்.

நான் போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பட்டாணியின் தலையைத் தடவிப் பார்த்தேன், கை காலை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் என் மார்பில் நகர்ந்து வந்து முகத்துக்கு நேராகப் பார்த்து, இன்னொரு தடவை என்று கேட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தலைப்பாகை என் முதுகாக இருந்தது, அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே நாத்தனாரின் குரல் மாறியிருந்தது. என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கதவைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி" என்றேன். "நான் குளிக்கலை. தரையில கிடக்கேன். என்னால எந்திரிக்க முடியலை. அஞ்சு வாரமாவே முடியலை அண்ணி."

குத்துவது நின்றது. பிறகு பிள்ளைகளுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, அவசரமே இல்லை, நான் இங்கேயே நிற்கிறேன் என்றார், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி அத்தனை நிதானமாக. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நிமிர்த்தினாள். நான் படுத்தபடியே அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி, கரண்டியால் தட்டித் தாழ்ப்பாளைத் திறந்து, இறங்கி நாற்காலியை ஓரமாக இழுத்து வைக்கும்வரை நாத்தனார் கதவில் கைகூட வைக்கவில்லை.

உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். சோபாவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. தூக்கிவிட அக்குளுக்குள் கை கொடுத்தார். வேண்டாம் அண்ணி, இப்போது யாரும் என்னை அசைக்கக் கூடாது, ஆஸ்பத்திரி வண்டியை வரச் சொல்லுங்கள் என்றேன். போன் செய்தார். அவர் தம்பி, அதாவது என் கணவர், இப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், பதறிவிடுவார், ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்றார். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தப்பாகச் செய்துவிட்டேனா என்று கேட்டாள். நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை, அம்மாதான் பொய் சொன்னேன் என்றேன். அவளுக்கு அது பெரிய செய்தியாக இருந்திருக்கவேண்டும், நீண்ட நேரம் யோசித்தாள்.

நாத்தனார் பிள்ளைகளைக் கூட்டிப் போவது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து வாரமாகப் போனை எடுத்தாலே அந்தப் பேச்சுத்தான். இன்றைக்கு என் வாயே அடைத்துக் கிடக்கிற நேரத்தில் அவர் பேசவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பட்டாணி எங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மேசைப் பக்கம் போய் ஸ்டூலில் கால் வைத்தாள். எங்கள் வீட்டு ஏற்பாடு எதுவும் நாத்தனாருக்குத் தெரியாது. எழுந்து போய், ஒரே கையால் அவளை வாரி எடுத்து, துணி மூட்டையை எடுக்கிற பழக்கத்தில் இடுப்பில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

பட்டாணி திகைத்துப்போனாள். அங்கிருந்து ஒரு தடவை அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டு காலாலும் நாத்தனாரின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் தோளில் சாய்த்தாள். நாத்தனார் இறக்கிவிடப் பார்த்தபோது இன்னும் இறுக்கினாள். பகலில் கண்ணை மூடமாட்டேன் என்று இத்தனை நாளாக என்னோடு மல்லுக்கட்டிய பிள்ளை, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு, நான் பார்க்கும்போதே தூங்கிப்போனாள்.

ஏறுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் தூக்காததால் ஏறியிருக்கிறாள். அது எனக்குத் தெரியவில்லை. ஸ்டூல், நாற்காலி, மேசை எல்லாம் ஏறி என் கழுத்தைப் பிடிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் ஏறியிருக்கிறாள், அந்த நொடியிலும் நான் அவளைக் கீழேதான் அனுப்பினேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் முதுகு குலுங்கும், அதனால் அதையும் சரியாக அழ முடியவில்லை.

தெருவில் வண்டியின் சத்தம் கேட்டது. மேனேஜர் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றேன்.

நாத்தனார் பட்டாணி எழுந்துவிடாமல் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா. நீ எந்திரிச்சு உட்காரு, அப்புறம் பேசிக்கலாம்."

"வேண்டாம் அண்ணி, இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க. நான் எந்திரிச்சுட்டேன்னா விடமாட்டேன்."